ரைசன் 5 5600-க்கு எந்த மதர்போர்டு?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, வீட்டிலேயே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு இரண்டும் முடிவாகிவிட்டன. பழைய பி450 போர்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, இல்லை பி550-க்கே போகவா? டிடிஆர்5 ராம் போட முடியுமா?

பதில் 1:
டிடிஆர்5 முடியாது. 5600 பொருந்துவது ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (பிராசஸர் மாட்டும் இடம்), பி450, பி550 இரண்டிலும் அதுதான். ஏஎம்4 சாக்கெட் போர்டு எல்லாமே டிடிஆர்4 தான், டிடிஆர்5 வேண்டுமென்றால் ஏஎம்5-க்குப் போக வேண்டும், பிராசஸரையும் மாற்ற வேண்டிவரும். பி450-ல் 5600 ஓடும், ஆனால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பழையதாக இருந்தால் திரையில் ஒன்றுமே வராது. அதனால் விற்பவரிடம் பயாஸ் வெர்ஷனைக் கேட்டு, போர்டு நிறுவனத்தின் தளத்தில் உள்ள சிபியு (பிராசஸர்) பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பதில் 2:
என் ஓட்டு பி550-க்குத்தான். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, அதனால் ஒவ்வொரு லேனின் வேகமும் முக்கியம். பி450-ல் அது பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கும் முறை) 3.0 வேகத்தில்தான் ஓடும், பி550-ல் 4.0 கிடைக்கும். பெரும்பாலான கேம்களில் வித்தியாசம் குறைவு, கார்டின் மெமரி நிரம்பும்போது தெரியும். அப்புறம், பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள், பிராசஸர் மாட்டாமலே பென்டிரைவ் வைத்து அப்டேட் செய்யலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, சரி, பி550 தான். கேபினெட் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, பரவாயில்லையா?

பதில் 2:
அப்படியென்றால் போர்டும் மைக்ரோ ஏடிஎக்ஸாகவே வாங்குங்கள் தம்பி, முழு ஏடிஎக்ஸ் உள்ளே போகாது.