சமவாய்ப்பு வேண்டாம், வெள்ளோட்டம் என்போமா?

> மொன்டே கார்லோ ட்ரீ சேர்ச் = சமவாய்ப்பு மரத்தேடல்

அண்ணா, ஆட்டத்தில் அடுத்த நகர்வைத் தெரிய, வரக்கூடிய நகர்வுகளைக் கிளை கிளையாக விரித்துக் கணினி தேடுகிற முறைக்குச் சொற்பட்டியலில் நீங்கள் வைத்த பெயர் இது. இதில் மரத்தேடல் சரி, சமவாய்ப்புத்தான் இடிக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்புச் சோதனை என்று படித்தவர்களுக்கு அது ரேண்டம் என்பதற்குப் பழகின சொல். இங்கே திருகோணமலையில் நாங்கள் அதையே எழுமாறு, எழுமாற்றுப் பரிசோதனை என்று படித்தோம். ஊர் வழக்கை விட்டுவிடுவோம். இந்த முறை எல்லாக் கிளைக்கும் சம வாய்ப்புக் கொடுப்பதே இல்லையே! 2006இல் கொச்சிஸ், செபெஸ்வாரி என்ற ஆய்வாளர்கள் இதற்குக் கொடுத்த சூத்திரத்தைப் பாருங்கள்: இதுவரை நல்ல சராசரி காட்டிய கிளைக்குத் திரும்பத் திரும்பப் போகும், கொஞ்சமாகவே பார்த்த கிளைக்கும் ஒரு ஊக்கப்புள்ளி சேர்த்து இடைக்கிடை போய்ப் பார்க்கும். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதுதான் அதன் பலம். அதற்குப்போய் 'சம' என்று பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை முதல் அடியிலேயே பிழையாக விளங்கிக்கொள்ளும்.

எழுமாறு வருவது நுனிக் கணுவுக்கு, அதாவது இதுவரை விரித்த கிளையின் கடைசி நிலைக்குப் பிறகுதான், அங்கிருந்து ஆட்டத்தைக் கண்டபடி கடைசிவரை ஆடிப் பார்க்கிறோமே, அந்த இடத்தில். அதற்கு ஒரு நல்ல சொல் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

போன கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் செய்து காட்டினேன். ஒன்பது கட்டம், வட்டமும் புள்ளடியும். நடுக்கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு மிச்சத்தைத் துண்டுச்சீட்டு எடுத்து எடுத்து ஆடினோம், யார் வென்றது என்று ஓரத்தில் கோடு போட்டோம், அழித்துவிட்டு மறுபடி, பிறகு மூலைக்கட்டத்தில் தொடங்கி மறுபடி. திருக்கடலூரிலிருந்து வருகிற பிள்ளை ஒன்று, "சேர், இது வெள்ளோட்டம் விடுற மாதிரி" என்றது. புது வள்ளத்தை வலை ஏற்றாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள், கோயிலில் புதுத் தேரையும் சுவாமி ஏறுமுன் இழுத்துப் பார்ப்பார்கள். உண்மையான நகர்வுக்கு முன் ஓட்டிப் பார்ப்பது, அதேதான்! வள்ளத்துக்கு ஒரு வெள்ளோட்டம் போதும், இங்கே ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

ஆகவே என் முன்மொழிவு வெள்ளோட்ட மரத்தேடல். உள்ளே நான்கு படி: தெரிவு, விரிவு, எழுமாற்று வெள்ளோட்டம், பெறுபேறு ஏற்றல். நான்காவதைப் பின்பரவல் என்று எழுதாதீர்கள், நரம்பு வலையமைப்பை (தரவிலிருந்து கற்கிற கணினி மாதிரியை)ப் பயிற்றும்போது வழுவைப் பின்னுக்குக் கடத்துகிற வேலையோடு அது குழம்பும். இங்கே நடப்பது வெற்றி தோல்வியை வேர்வரை கணுக்கணுவாகக் கூட்டி எழுதுவதுதான்.

அப்புறம், இந்த முறையில் ஆடுகிற அல்ஃபாசீரோ என்ற நிரலில் வெள்ளோட்டமே கிடையாதே என்று தம்பி கேட்டது நல்ல கேள்வி. 2016இல் கோ ஆட்டத்தில் கொரிய வீரர் லீ சடோலை 4-1 என்று வென்ற அதன் முன்னோடி அல்ஃபாகோவில் அது இருந்தது, நரம்பு வலையமைப்பின் மதிப்பீட்டோடு கலந்து எடுத்தார்கள். அல்ஃபாசீரோ நுனிக் கணுவில் வலையமைப்பை மட்டும் கேட்கிறது. ஆனாலும் 2006இல் கூலோம் என்ற ஆய்வாளர் வைத்த மொன்டே கார்லோ என்ற பெயரை அவர்கள் விடவில்லை. நாமும் வெள்ளோட்ட மரத்தேடல் என்ற பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் படிக்கு மட்டும் 'வலையமைப்பு மதிப்பீடு' என்று எழுதலாம்.

சொற்பட்டியலில் ரேண்டம் என்பதற்கு எழுமாறு, சமவாய்ப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் அண்ணா. இரண்டு கரையிலும் பிள்ளைகள் தேடுவார்கள்.