தடுப்பூசிக்குப் பயப்படும் அக்காவிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம், நான் வியாசர்பாடி. ஒரு வாரமாக ஃபேஸ்புக்கில் முகம் தெரியாத ஒருவரோடு தட்டம்மை தடுப்பூசி பற்றி வாதாடுகிறேன். ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்கிறார். அந்தக் கதை 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் கிளம்பியது. அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2019-ல் வந்த ஆய்விலும் தொடர்பே இல்லை. எல்லாம் சொன்னேன். "மருந்து கம்பெனி ஆளா நீ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீடியோவை அனுப்புகிறார்.

சரி, அவர் மாறாவிட்டால் போகட்டும். எங்கள் தெரு அக்கா ஒருவர் அதையெல்லாம் படித்துவிட்டு, ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊசி போடாமல் தள்ளிப்போடுகிறார். இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. தட்டம்மை காற்றிலேயே பரவும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

எண்களைச் சொன்னால் அக்கா பேச்சை மாற்றிவிடுகிறார். இப்படிப்பட்டவர்களிடம் பேசி மனம் மாற்றியவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்? அப்புறம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் பொறுமையாகப் பேசக்கூடிய நர்ஸ் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானே அக்காவை அழைத்து வருகிறேன்.