செவ்வாயும் சீரிஸும் எப்படிச் சண்டை பிடிக்கும்? என் எதிர்கால வரலாற்றில் ஒரு சிக்கல்

நீலக்கொப்பி (வெள்ளவத்தை):
நாலு வருசமாக ஒரு எதிர்கால வரலாறு எழுதி வருகிறேன், 2190 முதல் 2340 வரை, ஆண்டுவாரியாக. ஏழு கொப்பி முடிந்துவிட்டது. நிலா, செவ்வாய், சீரிஸ் (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் குறுங்கோள்) என்று மூன்று குடியேற்றங்கள். 2261இல் செவ்வாய்ப் படை சீரிஸைப் பிடிக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். காலையில் கட்டளை, மாலையில் தாக்குதல் என்று பக்கத்து ஊர்ச் சண்டை போலவே வருகிறது.

கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. குறைந்த எரிபொருளில் போனால் செவ்வாயிலிருந்து சீரிஸுக்குச் சுமார் 19 மாதம். அந்தப் பாதை திறப்பதே மூன்று வருசத்துக்குச் சற்று மேலே ஒரு முறைதான். வானொலிச் செய்தி மட்டும் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடும். இவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் எதற்காக, எப்படிப் பகைப்பார்கள்? இப்போதைக்குத் தண்ணீருக்காக என்று எழுதியிருக்கிறேன்.

பனித்துளி:
தண்ணீரை மாற்றிவிடுங்கள். செவ்வாயின் துருவங்களிலேயே தேவையான அளவு பனிக்கட்டி இருக்கிறது. அங்கே தட்டுப்பாடு வரக்கூடியது நைட்ரஜன். காற்று மெல்லியது, அதிலும் நைட்ரஜன் மூன்று சதவீதம்கூட இல்லை. பயிருக்கு எங்கே போவார்கள்? சீரிஸின் களிமண்ணில் நைட்ரஜன் உள்ள அமோனியா கலந்திருப்பதை டோன் விண்கலம் 2015இல் போய்ப் பார்த்தது. சீரிஸின் ஈர்ப்பை விட்டு வெளியேற விநாடிக்கு அரைக் கிலோமீட்டர் வேகம் போதும், செவ்வாயில் ஐந்து வேண்டும். சீரிஸிலிருந்து சரக்கை எறிவது மலிவு.

துறைமுகத்தான் (கொட்டாஞ்சேனை):
தங்கச்சி, உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் நாங்கள் நடந்து திரிகிற மண்ணிலேயே கிடக்கிறது. 1641 ஜூனில் ஹேக் நகரில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பத்து வருசச் சமாதானம் எழுதினார்கள். இலங்கையில் சண்டை நிற்க 1644 ஆயிற்று. கடிதம் பிந்தியது ஒரு காரணம்தான். சேதி வந்த பிறகும், காலியைச் சுற்றியிருந்த கறுவா நிலம் யாருக்கு என்று இழுத்தடித்தார்கள். 1652இல் மறுபடி போர், 1656 மே மாதம் கொழும்பு ஒல்லாந்தர் கையில். அந்தக் கறுவாதான் உங்கள் அமோனியா.

ஆனால் உங்கள் கதையில் ஒன்று தலைகீழ். இங்கே கடிதம் பிந்தியது. அங்கே கடிதம் உடனே வந்துவிடும், கப்பல்தான் திரும்ப முடியாது. பன்னிரண்டாம் மாதம் நடுவழியில் சமாதானச் செய்தி வருகிறது என்று வையுங்கள். திரும்பி வர எரிபொருள் இல்லை. இன்னும் ஏழு மாதம் போய் சீரிஸில்தான் இறங்க வேண்டும். யாரைக் கொல்லப் புறப்பட்டார்களோ அவர்களிடமே மூச்சுக்கும் சோற்றுக்கும் கையேந்த வேண்டும். நான் அந்த ஏழு மாதத்தை எழுதுவேன்.

இன்னொன்று. இருபது வருசமாகக் கப்பல் ஏஜென்சியில் ஆவண வேலை பார்க்கிறேன். பெட்டி நடுக்கடலில் இருக்கும், இங்கே பில் ஒப் லேடிங்கின், அதாவது கப்பல் சரக்குச் சீட்டின், பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. சரக்குக்குச் சொந்தக்காரர் மாறிவிடுவார், கப்டனுக்குத் தெரியவே தெரியாது. ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1795இல் கொழும்பில் ஒல்லாந்தருக்குக் காவல் நின்ற மெரோன் படையின் உரிமையாளர் ஒரு சுவிஸ் பிரபு. அவர் ஐரோப்பாவில் இருந்தபடியே ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட, இங்கே நின்ற படை பக்கம் மாறியது. அடுத்த பெப்ரவரியில் கொழும்பும் கைமாறியது. உங்கள் செவ்வாய்ப் படைக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று முதலில் எழுதுங்கள்.

நீலக்கொப்பி:
அண்ணா, இரண்டு தரம் வாசித்தேன். சம்பளம் யார் என்று ஏழு கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. பனித்துளிக்கும் நன்றி, தண்ணீர் முழுவதையும் வெட்டிவிட்டேன்.

நேற்றிரவு அந்த ஏழு மாதத்தைத் தொடங்கினேன். கப்பலில் நாற்பது பேர். சமாதானச் செய்தியைக் கேட்டதும் சமையற்காரி அரிசி மூட்டைகளை மறுபடி எண்ணுகிறாள். பிறகு ஆயுத அறைச் சாவியை எங்கே வைப்பது என்று கேட்கிறாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அங்கேயே நிற்கிறேன். சீரிஸ்காரர்கள் இவர்களை இறங்க விடுவார்களா? நீங்கள் என்றால் விடுவீர்களா?

துறைமுகத்தான்:
விடுவேன். சாவியை முதலில் வாங்கிக்கொண்டு.