புதுப்பிப்பு: மேக்கில் விழுந்த மூன்று டெஸ்ட்டுகள்

போன வாரம் கேட்டிருந்தேன்: திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்காக எழுதிய துணி எடைக் கணக்கு லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு), இன்டெல் சிப் உள்ள லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது, ஏஆர்எம் வகைச் சிப் உள்ள எம்1 மேக்குக்குக் கொண்டுபோனால், விடை சரியா என்று பார்க்கும் மூன்று டெஸ்ட் ஃபெயில். காரணம் கிடைத்துவிட்டது.

"சிஸ்டத்தோட கணித லைப்ரரியைப் பாருங்க தம்பி" என்று கோபிசெட்டிபாளையத்து அண்ணன் ஒருவர் சொன்னார். ஒரு டெஸ்ட்டுக்கு அதுதான் விடை. கம்ப்யூட்டரில் தசம எண் கணக்குக்கான தரநிலையான ஐஇஇஇ 754, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்குத்தான் ஒரே விடையைக் கட்டாயமாக்குகிறது. அடுக்குக் கணக்கைக் கணித லைப்ரரிதான் போடுகிறது; அதன் விடையின் கடைசி பிட் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறலாம். அங்கே சின்ன விலக்கம் அனுமதித்தேன்.

மற்ற இரண்டும்தான் தூக்கத்தைக் கெடுத்தன. விடைகளை ஹெக்ஸில் (ஒவ்வொரு பிட்டும் தெரியும் பதினாறடிமான வடிவில்) அச்சிட்ட பிறகே பிடிபட்டது. 0.1-ஐ 10-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்தால் லினக்ஸில் சுத்தமான பூஜ்யம். மேக்கில் சுமார் 5.55 × 10⁻¹⁷! ஏஆர்எம்மில் கம்பைலர் (கோடை மெஷின் கட்டளையாக மாற்றும் புரோகிராம்) பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாகச் சேர்த்துவிடுகிறது; நடுவில் ரவுண்டிங் இல்லை. கம்ப்யூட்டரால் 0.1-ஐ அப்படியே சேமிக்க முடியாது, துளி கூடுதலான எண்ணைத்தான் வைத்திருக்கும். அதாவது அந்தச் சேமித்த எண்ணுக்கு மேக் சொன்னதுதான் இன்னும் துல்லியம். நமது 'பூஜ்யமா?' என்ற சோதனைதான் தப்பு.

அந்தச் சேர்ப்பை நிறுத்தும் ஆப்ஷனைப் போட்டதும் இரண்டும் பாஸ். ஆனாலும் அப்படியே விடவில்லை, சோதனையையே மாற்றி எழுதிவிட்டேன். அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க.