கிரியேட்டினின் இயல்பாக இருக்கும்போது இது எப்படிச் சிறுநீரக நோய் ஆகும்?

கேள்வி:
இரண்டு வயதாகியும் எடை கூடாமல், அடிக்கடி வாந்தி எடுத்து, ஓயாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கு ‘டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்’ இருப்பதாகக் கண்டறிந்துள்ளனர். இரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 13, பொட்டாசியம் 2.8, இரண்டுமே குறைவு. சிறுநீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் மிகுதி) 7. ஆனால் கிரியேட்டினின் இயல்பாகவே உள்ளது. மருந்து தொடங்கியபின் வாந்தி நின்று பசியும் எடுக்கிறது. அப்படியிருக்க, இதைச் சிறுநீரக நோய் என்பது ஏன், தேறிய பிறகும் மருந்தை நிறுத்தக் கூடாது என்பது ஏன் என்று விளங்கவில்லை.

பதில் 1:
கிரியேட்டினின் காட்டுவது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனை மட்டுமே. உங்கள் மகளுக்குக் குறை இருப்பது வடிகட்டிய பிறகு, அமிலத்தைச் சிறுநீருக்குள் தள்ளவேண்டிய நுண்குழாய்ச் செல்களில். இரத்தத்தில் அமிலம் மிகும்போது நலமான சிறுநீரகம் சிறுநீரின் பி.எச்.சை 5.5-க்குக் கீழே இறக்கிவிடும். பைகார்பனேட் 13-க்கு இறங்குமளவு இரத்தம் அமிலமாக இருந்தும் சிறுநீர் 7-இல் நிற்கிறதே, நோயைக் காட்டிக்கொடுப்பது அதுதான். வெளியேறாத அமிலத்தை ஈடுகட்ட எலும்பு தன் கால்சியத்தை இழக்கிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் இறங்க, படிவதைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைந்துபோவதால், சிறுநீரகத்திலேயே சுண்ணமாகப் படிகிறது, கல்லாகவும் திரள்கிறது. மருந்து அந்தச் செல்களைச் சரிசெய்வதில்லை; அன்றன்று உண்டாகும் அமிலத்தை அன்றன்று சமன்செய்கிறது, அவ்வளவே. ஆகவே பரம்பரையாக வரும் வகைக்கு அது வாழ்நாள் மருந்து.

பதில் 2:
என் மகனுக்கும் இதே நோய்தான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குழந்தை வளர வளர அதையும் மருத்துவர் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், பரிசோதனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே வேளையாகக் கொடுக்காமல் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள். இரவு நீண்ட இடைவெளி விழுந்தால் காலைக்குள் அமிலம் ஏறிவிடுகிறது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து மருந்து தங்கவில்லையென்றால் வீட்டில் காத்திருக்கவே கூடாது. பொட்டாசியம் மிகவும் இறங்கினால் கைகால்கள் துவண்டுவிடும். இதயத் துடிப்பும் சீர்குலையும்.

பதில் 3:
செவித்திறனைச் சோதித்தீர்களா? ஏடிபி6வி1பி1, ஏடிபி6வி0ஏ4 ஆகிய மரபணுக்களில் குறையுள்ள பல குழந்தைகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வருகிறது. அமிலத்தைச் சரிசெய்யும் மருந்து அதைத் தடுப்பதில்லை. பேச்சு பழகும் வயது இது, அவசியம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. செவிச் சோதனை இதுவரை செய்யவில்லை, உடனே கேட்கிறேன். பிறந்து சில மாதங்களே ஆன தம்பிக்கும் சோதிக்க வேண்டுமா?

பதில் 1:
ஆம். அந்த இரு மரபணுக்களுள் ஒன்றுதான் காரணம் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எடை குறையும்வரை காத்திராமல், இரத்தப் பைகார்பனேட்டையும் பொட்டாசியத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.