ஈஸ், ஆர்: பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். கடலூர் முதுநகரில் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆங்கில ஆசிரியர்கள் யாராவது உதவுங்கள்.

'த போட்ஸ் ஈஸ் கமிங்' என்றே எழுதுகிறார்கள். திருத்தினாலும் மறுநாள் அதேதான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் நாம் 'ஒரு படகு வருது', 'பத்து படகு வருது' என்றுதானே சொல்கிறோம்? அதனால் முதலில் தமிழில் வருகிறது, வருகின்றன என்று எழுதவைத்து, அப்புறம் ஈஸ், ஆர் போடச் சொன்னேன். பாதிப் பேருக்குப் பிடிபட்டது.

இப்போது சிக்கல் மீனில். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கூடை நிறைய மீன் இருக்கும் படத்துக்கு 'த ஃபிஷ் ஆர் ஃப்ரெஷ்' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் ஆர் என்பதைச் சிவப்பு மையால் அடித்து ஈஸ் போட்டுவிட்டார்கள். ஷீப் மாதிரி ஃபிஷ்ஷுக்கும் பன்மை அதே சொல்தானே? ஒரு மீன் என்றாலோ, தட்டில் இருக்கும் உணவு என்றாலோ ஈஸ். கூடையில் பல மீன்கள் என்றால் ஆர் சரிதான். சொன்னேன். அவள் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை.

போலீஸ் என்றால் ஆர், நியூஸ் என்றால் ஈஸ், 'ஃபிஃப்டி ருபீஸ் ஈஸ் இனஃப்'. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வைக்காமல் எந்த வரிசையில் சொல்லித் தருகிறீர்கள்? பத்து, பன்னிரண்டு வயதுக்கு ஏற்ற பயிற்சி இருந்தால் கீழே எழுதுங்கள்.