பத்மநாபபுரம் அருங்காட்சியகத்து இரும்புக் கூண்டு: பார்த்தவர்கள் பகிரலாம்

திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்தில் மரண தண்டனை பெற்றவர்களை அடைத்துத் தொங்கவிட்ட, மனித உடல் வடிவிலான இரும்புக் கூண்டு பத்மநாபபுரம் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதை நம் குமரி மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. ஓணம் விடுமுறையில் ஏழு வயதுப் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். தலைக்கான வளைவு, மார்புப் பட்டை, கீழே கால்களுக்காக இரண்டாகப் பிரியும் கம்பிகள் என்று மேலிருந்து கீழாக விரலை நீட்டிக்கொண்டே வந்தவன், “பாட்டா, இத ஒரு ஆள அளவெடுத்தா செஞ்சாங்க?” என்று கேட்டான். மூன்று தலைமுறையாக உலைக்களத்தில் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. கலப்பைக் கொழுவுக்கும் வெட்டுகத்திக்கும் இரும்பு காய்ச்சிய கை, மனித உடம்பின் வடிவத்துக்கு ஒரு பட்டையை வளைக்கும்போது யாருடைய தோளை மனத்தில் வைத்திருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. பேரனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

*

பெரியவர் சொல்வது புரிகிறது. ஆனால் என்னை நிறுத்தியது முற்றத்தில் இருக்கும் 38 கிலோ கல்தான். படையில் சேர வந்தவர்கள் அதைத் தலைக்கு மேல் 101 முறை தூக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது, வடசேரிச் சந்தையில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த என் அப்பா குனிந்து அந்தக் கல்லின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிடிமானமே இல்லையே மக்களே” என்றார். எடையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கூண்டைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

*

மேலே எழுதியவரோடு நான் உடன்படவில்லை. கூண்டை மறைத்துவிட்டுக் கல்லை மட்டும் காட்டினால், திருவிதாங்கூர் என்றாலே வீரம் என்று மட்டும்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். நான் முதன்முறை போனது ஒரு திங்கட்கிழமை. விடுமுறை என்று அறியாமல் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே போகிறவர்கள் வேறு நாளில், காலையிலேயே போய்விடுங்கள். இடம் நம் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்பொருள் துறையுடையது என்பதால், விடுமுறைகளை அவர்களுடைய நாட்காட்டிப்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே நுழையாதீர்கள். அதன் சங்கிலி வேலைப்பாட்டுக்கே பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஊட்டுப்புரையில் மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் உண்ட கூடங்களைப் பார்த்த பிறகு, ஊறுகாய் வைத்திருந்த பரணிகளைப் பாருங்கள்; அவற்றின் அளவு அப்போதுதான் பொருள்படும். பிறகு புலியூர்க்குறிச்சிக்குச் சென்று உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையையும் பார்த்துவிடுங்கள். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த அவர், அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இந்த மண்ணிலேயே இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் ஒன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன.

*

முதலில் எழுதியவன்தான். அறிவுரைகளுக்கு நன்றி, ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நேற்று மறுபடியும் போய்ப் பட்டைகளின் இணைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அடித்த ஆணிகளில் எதிலும் அவசரம் தெரியவில்லை. நல்ல வேலைக்காரன் செய்தது.